கைமாறிய முட்டை

“இன்னா டீச்சர், எம்பொண்ணு முட்டைய எவனோ துன்னுகினு கீறானாமே? இத்த கேக்க ஆளே இல்லியா?”

மீன் கூடையை வாசலில் தொப்பென்று இறக்கிவிட்டு உள்ளே வந்தாள் நீலா. காசிமேட்டுப் பால்வாடியில் மத்தியானச் சாப்பாடு அப்போதுதான் முடிந்திருந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த மலர்க்கொடி டீச்சர் அதை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

“யாரும்மா சொன்னாங்க?”

“எதிர்வூட்டுத் தாயம்மா கண்ணால பாத்துச்சாம். விடியறதுக்கு முன்னயே மீன் ஏலத்துக்கு ஓடுறவ நான். புள்ள இங்கயாவது வயிறாரத் துன்னட்டும்னு வுட்டா, பசியோட வூட்டுக்கு வந்து சோத்துக் குண்டான உருட்டுது. அஞ்சு வயசுப் புள்ளய ஒரு மூணு வயசுப் பொடியன் பக்கத்துல குந்த வச்சி ஊட்டச் சொல்றீங்களாமே? நான் இன்னா ஆயா வேலைக்கா அனுப்புனேன்? ரெண்டையும் இன்னிக்கே பிரிச்சி வையுங்க. இல்லாங்காட்டி நாளைலேந்து எம்புள்ள வராது, ஆமா!”

பெரிய பிள்ளைக்கு ஒரு சின்னப் பிள்ளையை ஜோடி சேர்ப்பது மலர்க்கொடியின் சொந்த ஏற்பாடு. கை கழுவுவது, செருப்பை ஒழுங்காக விடுவது, பாட்டு எல்லாமே பெரியதுகளைப் பார்த்துத்தான் சின்னதுகள் படித்துக்கொண்டன. அந்த மூணு வயசு மூக்கொழுகி மணிகூட நீலாவின் மகள் சினேகா சொல்லிக் கொடுத்து இருபது வரை எண்ணுகிறான். அதற்குப் போய் உலை வைக்கிறாளே இந்த மகராசி!

“கொஞ்சம் பொறுங்க நீலாம்மா. சினேகாவையே கேட்டுடலாம்.”

தட்டு கழுவிக்கொண்டிருந்த சினேகா ஓடிவந்தாள். பின்னாலேயே மணி, வாயோரத்தில் மஞ்சள் கருவோடு. கையும் களவுமாகச் சிக்கியாயிற்று.

“ஏண்டி, இவன் உன் முட்டைய புடுங்கிகினானா?”

“இல்லம்மா. நானேதான் குடுத்தேன்.”

மலர்க்கொடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “பாத்தீங்களா? எவ்ளோ பெரிய மனசு உங்க பொண்ணுக்கு! சின்னப் பையனாச்சேன்னு பாசத்துல குடுத்திருக்கா.”

நீலாவின் முகம்கூட லேசாக இளகியது. “அதான பாத்தேன். இது பெரிய தர்மப் பிரபு!” என்று மகளின் கன்னத்தைக் கிள்ளினாள்.

“பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல,” என்று கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள் சினேகா. “அது டியூஷன் ஃபீஸு.”

டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நம்பர் சொல்லிக் குடுக்கறது நீ, ஃபீஸ் அவனுக்கா? இந்த வாண்டு அப்படி உனக்கு என்னத்தடி கத்துக் குடுக்கறான்?”

சினேகா டீச்சரை விட்டுவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“அழுறதுக்கு. மணி அழுதா அவங்கம்மா வேலைக்குப் போவாம அவன்கூடவே இருந்துடுதாம். எனுக்கு இன்னும் சரியா வரல. நல்லா வந்துச்சின்னா, நீயும் இருப்பதானம்மா?”