ஏறியவர் இறங்கவில்லை

போகோடாவில் வாசற்காவலரின் வருகை நோட்டு வேதத்துக்குச் சமம். அந்த வேதத்தின்மேல் எம்பனாதாவை வைத்துத் தின்றுகொண்டிருந்தார் எவெலியோ. பாஸ்தோவிலிருந்து அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தேன். என் கைக்கு எட்டிய வாடகையில் பயமில்லாத வீடு இந்தக் கட்டடத்தில் காலியாக இருந்த ஒன்றுதான்; அதைப் பார்க்க வந்திருந்தேன்.

“டாக்டரம்மா, காலையிலயே மேல போனீங்களே, இன்னும் எறங்கலயே?” என்றார்.

நான் டாக்டர் இல்லை; இந்த ஊர்க் காவலர்கள் மரியாதைக்கு எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் நோட்டில் என் பெயரும் கையெழுத்தும் இருந்தன.

“அது நானில்லீங்க!”

“நோட்டு பொய் சொல்லாதும்மா. எறங்காதவங்கள மறுபடி உள்ள விட முடியாது.”

“அப்போ எறங்கிட்டேன்னு எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டார். மறுபடி கையெழுத்திட்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன். வீடு காலியாக, நல்ல வெளிச்சமாக இருந்தது. கொடியில் ஒற்றைக் காலுறை ஈரமாகத் தொங்கியது. கட்டைவிரல் ஓட்டையில் பச்சை நூல் தையல். என் வலது காலுறையிலும் அதே தையல்.

இடது காலுறை கிடைக்காமல், அந்தக் காலில் வெறுமனே ஷூ மாட்டி வந்திருந்தேன்.