அப்பளம் எடுத்த இரும்புக் கை

கல்யாணப் பந்தியில் அப்பளம் வைக்க ஓர் இரும்புக் கையைக் கொண்டுவந்தார்கள். முதல் நாள் ஒன்றும் உடையவில்லை; மறுநாள் அது எடுத்ததெல்லாம் நொறுங்கியது. “இனி ஒண்ணு உடைஞ்சாலும் காயலான் கடைதான்!” என்று சமையல் கான்ட்ராக்டர் கத்தினார்.

“நேத்து அழுத்தின அளவுதானே அழுத்துறேன்?” என்றது கை, அழாத குறையாக.

“நேத்து மழையில நமுத்துப்போன அப்பளம். நான் இப்பத்தான் எண்ணெயிலேருந்து வந்தேன். தொட்டா தெரியலையா?” என்றது தட்டில் இருந்த அப்பளம்.

“தொட்டதே தெரியலையே.”

மெக்கானிக் வந்து, தொடுவதை உணரும் ரப்பர்த் தோல் ஒன்றை அதன் விரல்களில் மாட்டினார். கை மெல்ல அப்பளத்தைத் தொட்டது, சட்டென்று நின்றது.

“ஏன் இப்படி நடுங்குறே? பயப்படாதே, உடைக்க மாட்டேன்.”

“நான் எங்க நடுங்குறேன்?” என்றது அப்பளம். “நீதான்.”