நாத்தனார் அனுப்பிய லேகியம்

"வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டதும் அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். பக்கத்திலேயே மாமியார்.

கர்ப்பிணிக்கு நல்லது என்று நாத்தனார் லேகியம் அனுப்பியிருந்தாள். தினமும் காலையில் மாமியார்தான் ஓர் உருண்டை உருட்டிக் கையில் வைப்பார், விழுங்கும்வரை நகரமாட்டார். இங்கே சொன்னால் வீடு ரெண்டுபடும். சொல்லாமல் இருந்து, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"லேகியம், டாக்டர்" என்றாள்.

"எந்த வைத்தியர் கொடுத்தது? என்னென்ன சேர்த்திருக்கு?"

"தெரியாது."

"தெரியாமலேயா சாப்பிட்டீங்க? சில மூலிகை கர்ப்பத்துல ஆகாதும்மா."

அவள் இரு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

"அது வெறும் பேரீச்சம்பழம் டாக்டர்" என்றார் மாமியார். "கொஞ்சம் ஏலக்காய். என்னன்னே தெரியாத மருந்தைப் பிள்ளைத்தாச்சிக்குக் கொடுப்பேனா? லேகியத்தை வந்த அன்னிக்கே கொட்டிட்டு, அந்த டப்பாவில இதை அரைச்சு வச்சேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அத்தை!"

"உன் நாத்தனார் போன் பண்ணித் துருவித் துருவிக் கேட்பா. உனக்குப் பொய் சொல்ல வராது. அவளைப் பெத்தவ நான், எனக்கே அவகிட்ட பயம்!"