நாலாம் மாடிப் பாட்டு

“போடுங்க கையெழுத்தை. இன்னிக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டிடணும்,” என்றாள் நெத்யால்கா.

ப்ளோவ்திவ் நகரத்தின் அந்த ஐந்து மாடிக் கட்டடத்துக்கு அவள்தான் பொறுப்பாளர். புகார், நாலாம் மாடி பிளாகோய் மீது. அவர் படியேறினால் பாட்டு, குப்பை கொட்டிவிட்டு வந்தால் பாட்டு. சுருதியும் கிடையாது, தாளமும் கிடையாது.

“பொண்டாட்டி போன மாசம்தான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்தா. இவனுக்குப் பாட்டு கேக்குது,” என்று முனகியபடி கையெழுத்திட்டார் இரண்டாம் மாடிக்காரர் யோர்தான்.

ஊர் வாய்க்குக் கேட்க வேண்டுமா? அரை மணியில் ஏழு கையெழுத்து. காகிதத்தோடு போய் மணியடித்தாள் நெத்யால்கா. கதவைத் திறந்தது பிளாகோயின் மனைவி ராட்கா.

“வா, உட்காரு. அவர் ரொட்டி வாங்கப் போயிருக்கார். காபி குடி.”

ராட்கா காபி ஊற்றினாள். கோப்பை நிறைந்து, வழிந்து, மேஜை விரிப்பு நனைந்தது. அப்போதும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். நெத்யால்கா பாய்ந்து கையைப் பிடித்தாள்.

“வழிஞ்சுடுச்சா? எனக்குக் காபி ஏறுறது தெரியாதுடி. உறைஞ்ச மாதிரி நிக்கும்.”

“கண்ணுல கோளாறா அக்கா?”

“கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளையில நிறம் பார்க்க ஒரு இடமாம், அசையறதைப் பார்க்க வேற இடமாம். ரத்தம் கட்டினதுல எனக்கு அந்த அசைவு பார்க்கிற இடம் மட்டும் போயிடுச்சு. உன் பவழ மாலைகூடத் தெரியுது, நீ நடந்து வர்றது தெரியல. வாசல்ல நிப்பே, திடீர்னு பக்கத்துல நிப்பே. வந்த புதுசுல அவர் கிட்ட வந்தாலே அலறிடுவேன்.”

“இப்போ?”

“இப்போ பாடறார். சத்தம் கிட்ட வந்தா அவரும் வர்றார்னு தெரிஞ்சுக்கறேன். எங்க கல்யாணத்துலகூடப் பாடாத மனுஷன், அவ்வளவு கூச்சம். காரணத்தை யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். பரிதாபப்படுவாங்களே.”

படிக்கட்டில் அபஸ்வரம் கேட்டது. ராட்காவின் முகம் மலர்ந்தது.

“மூணாம் மாடி வந்துட்டார். ஆமா, அது என்ன காகிதம்?”

“தண்ணிக் குழாய் விஷயம் அக்கா. சரியாயிடுச்சு,” என்று அதை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தாள் நெத்யால்கா.

மறுநாள் காலை ராட்கா கைப்பிடியைப் பிடித்தபடி மெல்லப் படியிறங்கினாள். கீழேயிருந்து ஏறி வந்த நெத்யால்கா சட்டென்று நின்றாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் கதவைத் திறந்து எட்டிப் பார்க்க, பிளாகோயைவிட மோசமாகப் பாடிக்கொண்டே படியேறினாள்.