மருமகளுக்கு ஒரு சீட்

மேனேஜருக்கு உலகத்தில் இரண்டே பேரிடம்தான் பயம். ஒருவர் மந்திரி. இன்னொருவர் அவருடைய மனைவி. இரண்டு பயமும் ஒரே நாளில் வந்ததில்லை. இன்று வந்துவிட்டன.

அவர் நடத்தும் கார் பந்தய அணியில் ஒரு டிரைவர் இடம் காலி. ஓட்டிக் காட்ட வந்த ஆறு பேரில் ஒருத்தி அவருடைய மருமகள். மற்ற மாமியார்கள் மருமகளின் சமையலில் குறை சொல்வார்கள். மேனேஜரின் மனைவியோ, வளைவில் பிரேக்கைச் சீக்கிரம் மிதித்துவிட்டாள் என்று குறை சொல்வாள்.

"இன்னிக்கு அவளுக்கு சீட் கிடைக்கலைன்னா நீங்க வீட்டுக்கு வர வேண்டாம். அவ வந்தா போதும்," என்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

ஆறில் இன்னொருவன் மந்திரியின் அக்கா மகன். அணிக்குப் பணம் போடுவது ஒரு பெயின்ட் கம்பெனி. கம்பெனிக்குப் புதுத் தொழிற்சாலை கட்ட மந்திரியின் கையெழுத்து வேண்டும். மந்திரிக்கு அக்கா மகன் அந்த சீட்டில் உட்கார வேண்டும். பத்திரிகைக்காரர்களை வேறு அழைத்திருந்ததால், தேர்வு நேர்மையாகத் தெரிய வேண்டும்.

"தெரிஞ்சா போதும் சார். இருக்கணும்னு அவசியமில்ல," என்றார் மந்திரியின் பி.ஏ. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. "ஒவ்வொரு காருக்கு அடியிலயும் ஏதோ பெட்டி இருக்காமே?"

இருந்தது. சோப்புக்கட்டி அளவுதான். கார் கோட்டைத் தாண்டும்போது அந்தப் பெட்டி யார் பெயரைச் சொல்கிறதோ, அவர் பெயரில்தான் பலகையில் நேரம் ஏறும். ஆறும் ஒரே மாதிரி கார்கள், இடைவெளி விட்டு ஓடுபவை. எது வேகம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இருவர் பெட்டியையும் இடம் மாற்றினால் மருமகளின் வேகம் அக்கா மகன் கணக்கில் சேர்ந்துவிடும்.

"மாத்தலைன்னா ஸ்பான்சர் இல்ல, அணி இல்ல, நீங்களும் இல்ல. யோசிங்க," என்றுவிட்டுப் போனார் பி.ஏ.

எல்லோரும் சாப்பிடப் போன நேரம், மேனேஜர் காருக்கு அடியில் புகுந்து காதும் காதும் வைத்தாற்போல் வேலையை முடித்தார். ஷெட்டை விட்டு வெளியே வந்தால், எதிரே மனைவி.

"கை ஏங்க இவ்வளவு கறுப்பா இருக்கு?"

"கிரீஸ்."

"நீங்க எந்தக் காலத்துல ஸ்பேனர் பிடிச்சீங்க?" அவரை மேலும் கீழும் பார்த்துக் கைக்குட்டையை நீட்டினாள். "போய்ச் சாப்பிடுங்க. நான் என் மருமக காரோட ஒரு போட்டோ எடுத்துட்டு வரேன்."

மேனேஜர் கையைத் துடைத்துக்கொண்டே ஷெட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தார்.

ஹெல்மெட்டை மாட்டுவதற்கு முன் மருமகள் சிரித்தாள். "மாமா, என்னைப் பார்க்காதீங்க. பலகையப் பாருங்க."

மேடையில் பெயின்ட் முதலாளி கை நீட்டினார். பி.ஏ. வலது கையைப் பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுக்கவேயில்லை. என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டார் மேனேஜர்.

கார்கள் சீறின. சுற்றுகள் முடிந்தன. பலகையில் பெயர்கள் ஏறின.

முதலில் மருமகள். கடைசியில் அக்கா மகன். கடைசி என்றால், ஐந்தாவதாக வந்தவன் எட்டிப் பார்த்தாலும் தெரியாத கடைசி.

கேமராக்கள் மின்ன, பெயின்ட் முதலாளி விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு மருமகளுக்குப் பூங்கொத்து கொடுத்து, "எங்க கம்பெனிக்குத் திறமைதான் முக்கியம்," என்றார். மாமியார் முன்பின் தெரியாத யாரையோ கட்டிப்பிடித்துக் குதித்தாள். குதித்தபடியே கணவனைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

கண்டுபிடித்துவிட்டாள், மாற்றியதைத் திரும்ப மாற்றிவிட்டாள் என்று மேனேஜருக்குத் தோன்றியது. வேலை போனால் போகட்டும், இன்று வீட்டுக்குப் போகலாம். அவருக்கும் குதிக்கவேண்டும் போல் இருந்தது.

அதற்குள் பி.ஏ. வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"சார், சத்தியமா நான் பெட்டிய மாத்தினேன்," என்றார் மேனேஜர்.

"நீங்களும் மாத்தினீங்களா?"

பி.ஏ. பக்கத்திலிருந்த டயரின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்தார். விரல் நுனியிலிருந்து சட்டைக் கையின் விளிம்பு வரை ஒரே கிரீஸ்.

"சொந்த மருமகளுக்கு எதிரா நீங்க செய்ய மாட்டீங்கன்னு நினைச்சு, சாப்பாட்டு நேரத்துல நானே அடியில புகுந்து அந்த ரெண்டு பெட்டியையும் இடம் மாத்தி வெச்சேனே சார்."