சக்கரத்தில் ஒரு குடை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கம்ப்யூட்டர் திரையில் விரிந்த ஒரு சக்கரத்தின் கதை சொல்கிறேன். கதவைச் சாத்த வேண்டாம், காற்று வரட்டும்.

"உன் மணிக்கட்டு வலிக்காகத்தான் இவ்வளவு மெனக்கெடறேன், தெரியுதா?" என்றான் கணவன். மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவள் தலைக்கு மேலாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்டூடியோக்கள் அனுப்பும் புகைப்படங்களைத் திருத்திக் கொடுப்பது அவள் வேலை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி அழுத்திக் கை வீங்கியிருந்தது. படம் தாமதமானால் ஸ்டூடியோக்காரர்கள் அவனைத்தான் பிடித்து உலுக்கினார்கள்.

அதற்குத்தான் இந்தச் சக்கரம். மவுஸின் நடுப் பொத்தானை அழுத்தினால் திரையிலுள்ள அம்பைச் சுற்றி, துண்டு துண்டாகப் பிரித்த ஒரு வட்டம் விரியும். வேண்டிய துண்டின் பக்கம் தள்ளி விட்டால் போதும், வேலை தானாக நடக்கும். இப்படி மூன்று மென்பொருள்களை அவன் இறக்கி வைத்திருந்தான்.

"எது தேறும்?"

"முதலாவது, ஒரு துண்டுக்கு ஒரு வேலதாங்க செய்யும். ரெண்டாவது நிறைய செய்யும், ஆனா ஒவ்வொண்ணுக்கும் 'செய்யட்டுமா, செய்யட்டுமா'ன்னு திரையில வந்து நிக்கும்." அவள் திரும்பாமலே சொன்னாள். "மூணாவதுலதான் நாலு வேலைய ஒண்ணாக் கோத்துக் குடுக்கலாம். வாயத் தொறக்காம முடிச்சிடும்."

"அப்ப அதான். கேள்வி கேக்காததுதான் இந்த வீட்டுக்கு லாயக்கு." சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டான்.

நெட் ஒயர் அவன் சட்டைப் பையில் சுருண்டு கிடந்தது. அதை அவன் மட்டும்தான் செருகுவான். செருகியிருக்கும் வரை மவுஸ் அவன் கையில்தான் இருக்கும். அவளுடைய போன் அலமாரிக்குள்ளே. அலமாரிச் சாவியும் வாசல் சாவியும் அவன் இடுப்பிலே.

அவளுடைய அண்ணன் தேடி அலைகிறான் என்று தெரிந்ததும், சொல்லாமல் கொள்ளாமல் வீடு மாறி வந்தவன் இந்தக் கணவன். இந்த வாசல் தெரிந்தால் தங்கையைக் கையோடு கூட்டிப் போய்விடுவான் அந்த அண்ணன். அந்த ஒரு நினைப்புதான் அவன் தூக்கத்தைக் கெடுத்தது.

மத்தியானம் முழுக்க அவள் சக்கரத்தை நிரப்பினாள். ஒயர் இல்லாத கம்ப்யூட்டரில் என்ன கிழித்துவிடப் போகிறாள் என்று அவன் கட்டிலில் கண்ணயர்ந்தான்.

எழுந்ததும் ஒயரைச் செருகினான். "தள்ளு. நான் பாக்காம இந்த வீட்டுல எதுவும் ஓடக் கூடாது. ஒவ்வொண்ணையும் நானே அழுத்திப் பாத்துக்கிறேன்."

அவள் எழுந்து நாற்காலியை விட்டாள். மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

"என்னடி, கையத் தடவுற?"

"வலிதாங்க."

கத்தரிக்கோல் சின்னம் போட்ட துண்டு படத்தை வெட்டியது. தூரிகைத் துண்டு மெருகேற்றியது. உறைத் துண்டு படத்தைச் சுருக்கி, அவன் பெயரிலேயே ஸ்டூடியோவுக்கு மெயிலில் அனுப்பியும் விட்டது. "பரவால்லையே" என்று முனகிக்கொண்டான்.

வட்டத்தின் கீழ்க்கோடியில் ஒரு குடை இருந்தது. அம்பு அங்கே போய் நின்றது.

"இது எதுக்கு?"

"மழையில எடுத்த படத்துக்குங்க. மங்கல எடுக்கும்."

"மழைக்கு முன்னாடியே குடை விரிச்சிட்டியா." திரையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "இதுக்கு மட்டும் ஏன் முழிக்கிற?"

"இத மட்டும் விட்டுடுங்க. இன்னும் சரியா வரல."

வேண்டாம் என்று அவள் சொன்ன எதை அவன் செய்யாமல் விட்டிருக்கிறான்? குடையின் பக்கம் வெடுக்கென்று தள்ளினான்.

சாம்பல் நிறம் விலகி, படத்தில் நனைந்த தெரு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. வேறு ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. இன்னொரு படத்தை எடுத்து இன்னொரு முறை தள்ளினான். அதுவும் தெளிந்தது.

"நல்லாத்தான வருது. எங்கிட்டயே பொய்யா?" ஒயரை உருவிப் பையில் போட்டுக்கொண்டான். அவள் சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவத் தொடங்கினாள்.

பொழுது சாயும் நேரம் அழைப்பு மணி அடித்தது. பார்சல்காரன் என்று நினைத்துப் பூட்டைத் திறந்தான்.

வாசலில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். அவருக்குப் பக்கத்தில், மனைவியின் அண்ணன். உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது.

அவன் வாசலை மறித்து நின்றான். "இந்த விலாசத்த... யாரு உங்களுக்குக் குடுத்தது? அவகிட்ட போனே கிடையாதே."

அண்ணன் தன் போனைத் திருப்பிக் காட்டினான். 'அண்ணா, என்னை வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருக்காங்க. வந்து கூட்டிட்டுப் போ' என்று ஒரு மெயில். கீழே வீட்டு விலாசம், கூடவே மங்கல் நீங்கிய அந்த நனைந்த தெருப் படம். அனுப்பியவர் என்ற இடத்தில் அவனுடைய பெயர்.

"நீங்கதான் குடுத்தீங்க, மாப்பிள்ளை. ரெண்டு தடவை."

உங்கள் வீட்டுக் கதவுகளெல்லாம் உள்ளேயிருந்தும் திறக்கட்டும், கண்ணுகளா.