ஐந்தாவது குடுவைக்கு உறை

ஐந்தாவது குடுவையிலும் எண்ணெயைக் காணோம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். இல்லைதான்.

வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்கு அந்த எண்ணெய் அங்கே இருந்தாக வேண்டும்.

மரக்காணத்தில் அப்பா அள்ளும் மட்டிச் சிப்பியை இப்போது யாரும் வாங்குவதில்லை, எண்ணெய் நாற்றமாம். படகு எண்ணெய் படிந்த அந்தத் தண்ணீரிலும் மட்டி சாகாமல் கிடக்கிறதே என்றுதான் அதன் சதையிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தேன். இரண்டு வருட வேலை.

ஐந்து குடுவைகளில் கடல்நீரும் படகு இன்ஜினின் கழிவு ஆயிலும் ஊற்றி, நான்கில் மட்டும் அந்த நுண்ணுயிரை விட்டேன். ஐந்தாவதில் எண்ணெய் அப்படியே மிதக்க வேண்டும். அப்போதுதான் மற்றவற்றில் எண்ணெயைத் தின்றது என் நுண்ணுயிர் என்று நாளைக்கு வரும் ஆய்வுக்குழு நம்பும்.

விட்ட மறுநாளே எனக்கு அம்மை போட்டுவிட்டது. மூன்று தண்ணீர் ஊற்றி, உடம்பு தேறி, இன்றுதான் திண்டிவனம் பஸ் ஏறினேன்.

இத்தனை நாளும் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவர் உதவியாளர் கிருஷ்ணவேணி அக்கா. மயிலத்தில் இரண்டு எருமை வைத்திருக்கிறார். காலையில் தயிர் விற்றுவிட்டுத்தான் வேலைக்கு வருவார்.

வாசலில் நின்று சிரித்தார்.

“நாலும் சுத்தமாயிடுச்சு, இது மட்டும் அப்பிடியே கெடந்துகினு இருந்துச்சு. நீ வந்து பாத்தா மனசு ஒடிஞ்சி பூடுவியேன்னு, பக்கத்து குடுவையில இருந்து ஒரு கரண்டி எடுத்து உறை ஊத்திட்டேன் பாப்பா.”

கத்துவதற்கு வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்து முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சொன்ன வேலையில் குறை வைக்கவில்லை என்று காட்ட, தன் செல்போனை என் மடியில் வைத்தார். தினமும் குடுவைகளைப் படம் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். காய்ச்சலில் மறந்தே போயிருந்தது.

ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.

ஒன்பதாம் நாள் நான்கும் வெளுத்திருந்தன. ஐந்தாவது கறுப்பு. பத்தாம் நாளும் கறுப்பு.

பதினொன்றாம் நாள் படத்தில் ஐந்தாவதன் பக்கத்தில் ஒரு கரண்டி.

பதினைந்தில் அதன் ஓரம் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

மறுநாள் குழுவின் முன் அந்தப் படங்களைத்தான் முதலில் போட்டேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சும்மா விட்டிருந்த குடுவையிலேயே நுண்ணுயிரை விட்டுப் பார்க்கும் யோசனை யாருடையது என்று கேட்டார் மூத்தவர்.

மோர் தம்ளர்களோடு உள்ளே வந்துகொண்டிருந்தவரைக் காட்டினேன்.